செஞ்சி மலையில் ஒரு ஜப்பானியக் கச்சு

செஞ்சிக்குப் போகிறோம் என்று யாரிடமாவது சொன்னால், அவர் உடனே, "தேசிங்கு ராஜன் கோட்டைக்கா?" என்று கேட்பார். அதற்கு அடுத்தபடி, "உங்களால் மலை ஏற முடியுமா?" என்று நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். முதற் கேள்விக்கு நாம், "ஆம்" என்றோம். இரண்டாவது கேள்வியைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை நாம் சென்றது மலை ஏறுவதற்கு மட்டுமல்ல. பதினான்கு அடி நீளமுள்ள ஒரு பழைய பட்டுத் துணியை, அதன் அருமை தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பதற்கு.

துணி நம்முடையதன்று. நண்பர் ஒருவர் ஜப்பானில் கியோத்தோ நகரத்தில் இரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அந்நகரத்தில் தோஜி என்னும் கோயில் வாசலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி சந்தை கூடுமாம். நம் ஊர்ச் சந்தைகளைப் போலவே அங்கே ஊறுகாயும் இருக்கும், உடைந்த கடிகாரமும் இருக்கும், பழந்துணிக் குவியலும் இருக்கும். அந்தக் குவியலிலிருந்து அவருடைய மனைவி இழுத்தெடுத்ததுதான் இந்த ஓபி. ஓபி என்பது, கிமோனோ அணியும் ஜப்பானிய மாதர் இடையைச் சுற்றிக் கட்டிப் பின்புறத்தில் முடிந்துகொள்ளும் அகலமான கச்சு. நம் நாட்டில் சேலைக்கு முந்தானை எப்படியோ அப்படி அந்த உடைக்கு அந்தக் கச்சு. பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது அங்கேதான். வீட்டுக்காரருடைய பணம் அதிகமாகப் போவதும் அங்கேதான். கிமோனோவைவிட ஓபிக்கு விலை கூடுதலாக இருப்பது அந்நாட்டில் ஆச்சரியமில்லை. ஆனால் சந்தைக் குவியலில் கிடக்கும் பழைய ஓபிக்கு விலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நண்பரின் மனைவி கொடுத்தது, நம் ஊரில் ஒரு புதுப் பட்டுச் சேலைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாதாம். "வாங்கும்போது சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்து விரித்தபோது அழுகை வந்தது" என்றார் அவர்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் பதினெட்டு மைல் போனால் செஞ்சி. பாதி வழி தாண்டியதும் பூமியின் முகம் மாறிவிடுகிறது. யாரோ பெரிய பெரிய பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டிவிட்டு, அடுக்குவதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டதுபோல் குன்றுகள் கிடக்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் இணைத்துக் கட்டியதுதான் கோட்டை. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. அதன் பிறகு வருகிறவர்களின் தொகை கூடியிருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். டீயின் விலையும் கூடியிருக்கிறது என்பதை நாமே கண்டுகொண்டோம்.

கோட்டை வாசலில் நமக்காக ஒரு பெரியவர் காத்திருந்தார். ஆரணிக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர், ஐம்பத்தைந்து வருஷங்களாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். நண்பர் மனைவியின் கல்யாணச் சேலை அவர் தறியிலிருந்து வந்ததுதான். செஞ்சியிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரணி. இருந்தும் இத்தனை வயதில் அவர் செஞ்சிக் கோட்டைக்குள் காலடி வைத்ததில்லை. "தறியை விட்டு எழுந்தாத்தானே அம்மா கோட்டையெல்லாம் பார்க்கறது" என்றார், சிரித்துக்கொண்டு.

கீழ்க் கோட்டையில் கல்யாண மஹால் என்று ஓர் அழகான கட்டடம் இருக்கிறது. சதுரமான முற்றம், சுற்றிலும் சிறு சிறு அறைகள், நடுவில் மேலே போகப் போகக் குறுகி உயரும் எட்டு நிலை மாடம். அங்கேதான் நிழல் இருந்தது. ஆகவே அங்கே ஒரு வேஷ்டியை விரித்து, அதன்மேல் ஓபியை விரித்தோம். உடனே இரண்டு குரங்குகள் மதில்மேல் வந்து உட்கார்ந்தன. செஞ்சிக் குரங்குகளுக்குப் பட்டிலும் ரசனை உண்டோ என்னவோ. நண்பர் கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காவல் நின்றார். அந்தக் கோட்டையில் கடைசியாகக் காவல் இருந்த சேனாதிபதி அவராகத்தான் இருக்க வேண்டும்.

விரித்ததும் அந்த முற்றமே ஒரு கணம் மாறிவிட்டது. கருஞ்சிவப்பு நிலத்தில் பொன்னிறமாக ஓடும் நீரோடை. ஓடையில் மிதந்து போகும் பூக்கள். "இது நம்ம சாமந்தி அல்லவா!" என்றார் பெரியவர். வாஸ்தவம்; ஜப்பானிய அரச குடும்பத்தின் சின்னமும் சாமந்திப் பூதான்.

அந்த இடத்தில் பட்டு விரிவது புதிதன்று. 1597-ஆம் ஆண்டில் பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்து நாயக்க மன்னர் கிருஷ்ணப்பரைக் கண்டார். மன்னர் பட்டுக் கம்பளத்தில், திண்டுகளில் சாய்ந்து, பட்டு அங்கியும் முத்துமாலையும் அணிந்து வீற்றிருந்தார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். லிஸ்பன் நகரம் ஒன்றைத் தவிரப் போர்ச்சுகலில் எதுவும் இதற்கு ஈடில்லை என்று ஊரையும் புகழ்ந்திருக்கிறார். அந்தப் பட்டில் ஓர் இழைகூட இன்று செஞ்சியில் இல்லை. கல் இருக்கிறது. அதிலும் நல்ல தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

பெரியவர் மேற்புறத்தைப் பார்த்தது சொற்ப நேரந்தான். நெசவாளிகள் துணியைப் பார்க்கும் விதமே வேறு. நாம் முகத்தைப் பார்க்கிறோம்; அவர்கள் முதுகைப் பார்க்கிறார்கள். இந்த ஓபியோ முதுகே இல்லாதது. இரண்டடிக்கு மேற்பட்ட அகலத்தில் நெய்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து ஓரத்தைத் தைத்துவிடுகிறார்கள். ஆகவே எந்தப் பக்கம் திருப்பினாலும் முகந்தான். இதற்கு மாரு ஓபி என்று பெயர். நல்ல வேளையாக ஓரிடத்தில் தையல் பிரிந்திருந்தது. பெரியவர் அந்த வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மெல்ல விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். கிணற்றுக்குள் விழுந்த தவலையைத் தேடுகிறவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"ஊடை மிதக்குது. பூ எங்கே வேணுமோ அங்கே மேலே வந்து, மத்த இடத்துல உள்ளாற ஓடிடுது. எத்தனை நிறம்! ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணி, ஒன்பதில் நிறுத்தினார். பிறகு பொன்னிறத்தை நகத்தால் லேசாக வருடினார். அவர் முகம் மாறியது.

"இது ஜரிகை இல்லை, அம்மா. ஏமாத்திட்டாங்க. இது காகிதம்!"

நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். காகிதந்தான், ஆனால் ஏமாற்று இல்லை. நம் நாட்டு ஜரிகைக்கு உயிர் உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு நூல். வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, அந்த நூலின்மேல் சுற்றி, தங்க முலாம் பூசுகிறார்கள். கியோத்தோவில் வேறு வழி. கையால் செய்த உறுதியான காகிதத்தில் அரக்கைத் தடவி, அதன்மேல் தங்கத் தகட்டை ஒட்டி, தலைமயிர்போல் மெல்லிய கீற்றுகளாக நறுக்குகிறார்கள். அந்தக் கீற்றை மூங்கில் குச்சியின் முனையில் பிடித்து, பாவுக்குள் ஒவ்வொன்றாகக் குறுக்கே இழுத்துப் போட்டு நெய்கிறார்கள். கீற்று புரண்டால் தங்கம் கீழே போய்க் காகிதம் மேலே வந்துவிடும். ஒரு தடவைகூடப் புரளக் கூடாது.

பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் அந்தப் பொன்னோடையைத் தொட்டார். இப்போது நகத்தால் அல்ல, விரல் நுனியால்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வாங்க?"

வேலைப்பாட்டைப் பொறுத்தது என்றார் நண்பர். த்ஸுஸுரே என்று ஒரு வகை நெசவு உண்டாம். அதில் நெசவாளி தன் விரல் நகங்களையே ரம்பப் பல்போல் அராவிக்கொண்டு, அந்தப் பற்களால் ஊடையைத் தட்டித் தட்டிச் சேர்ப்பானாம். சித்திரம் சிக்கலாக இருந்தால் நாள் முழுதும் நெய்தும் ஓர் அங்குலம் தேறுவது கடினமாம். இதைக் கேட்டதும் பெரியவர் தம்முடைய பத்து விரல்களையும் நீட்டிப் பார்த்துக்கொண்டார். நாமும் பார்த்தோம். வலது ஆட்காட்டி விரலில் நாடா உரசி உரசிக் காய்த்த தழும்பு இருந்தது.

இந்த ஓபி பிறந்த இடத்துக்கு நிஷிஜின் என்று பெயர். கியோத்தோவின் வடமேற்கில் உள்ள நெசவுச் சேரி அது. பெயரின் பொருள் 'மேலைப் பாளையம்' என்பது. 1467-இலிருந்து 1477 வரை அந்நகரில் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. ஊர் பாதி எரிந்துபோயிற்று. ஓடிப்போன நெசவாளிகள் திரும்பி வந்தபோது, மேற்குப் படை கூடாரம் அடித்திருந்த இடத்தில் தறி போட்டார்கள். படை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. செஞ்சியிலும் பாளையம் இறங்காத நூற்றாண்டு இல்லை. நாயக்கர், பீஜப்பூரார், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து போனார்கள்.

நிஷிஜினுக்கும் ஒரு நாள் கேடு வந்தது. அந்தக் கதையை நண்பர் சொன்ன விதத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1869-இல் ஜப்பானியச் சக்கரவர்த்தி கியோத்தோவை விட்டு டோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையும் பிரபுக்களும் போனார்கள், வாங்குகிறவர்கள் இல்லை, தறிகள் நின்றன. தலைநகரம் பெயர்ந்தால் நெசவுத் தெரு பாழாவது உலக வழக்கம். ஆனால் அந்த ஊர் மனிதர்கள் வேறொன்று செய்தார்கள். 1872-இல் மூன்று பேரைப் பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். அட்டையில் துளையிட்டு அதைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு யந்திரத்தைக் கற்று வருவதற்கு! மூவருக்கும் பிரெஞ்சு பாஷை தெரியாது. இருவர் அடுத்த வருஷமே யந்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள். மூன்றாமவர் யோஷிதா சூஷிச்சி. இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் பின்தங்கினார். 1874-இல் திரும்பி வரும்போது, சொந்த நாட்டுக் கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில், இஸு முனைக்கு அருகில் கப்பல் மூழ்கி மாண்டுபோனார்.

"அதுக்கு முன்னாலே எப்படிப் பூ எடுத்தாங்க?" என்று கேட்டார் பெரியவர். ஒருவன் பயணம் போய் மாண்டது நமக்குக் கதை. அவருக்கோ அந்த மனிதன் எதற்காகப் போனான் என்பது முக்கியம். தறியின் உச்சியில் ஒருவனை உட்கார வைப்பார்கள், அவன் மேலிருந்து கயிறுகளை முறைப்படி இழுப்பான், கீழே இருப்பவன் நெய்வான் என்று நண்பர் விளக்கினார்.

"அடை!" என்று கூவினார் பெரியவர். "எங்க தாத்தா காலத்துல அடைத்தறிதான். பக்கத்துல ஒரு பையன் நின்னு நூலைப் பிடிச்சு இழுத்துக் கொடுப்பான். தப்பா இழுத்தா தலையிலே குட்டு. எங்க அப்பா அந்தக் குட்டு வாங்கினவரு." ஏறத்தாழ நாலாயிரம் மைலுக்கு அப்பால் தறிமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பையனும் குட்டு வாங்கியிருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நண்பர் பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்தார். செஞ்சியில் வைத்துத்தான் இதைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாகச் சுமந்து வந்திருந்தார். காரணம் இதுதான். 1608-ஆம் ஆண்டையொட்டி, டச்சுக்காரர்கள் இந்தச் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத்தான் கடலூருக்கு அருகில் தேவனாம்பட்டினத்தில் துணி வாங்க இறங்கினார்கள். 1641 முதல் இருநூறு வருஷத்துக்கு மேலாக, ஐரோப்பியரில் அவர்களை மட்டுமே ஜப்பான் உள்ளே விட்டது. அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் தேஷிமா என்னும் ஒரு சிறு தீவு வரையில்தான். அந்தக் குறுகிய வாசல் வழியாகச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி ஜப்பானுக்குள் போயிற்று. கடுக்காய்ப் பாலில் தோய்த்து, கலத்தால் எழுதி, சாயவேரில் சிவப்பேற்றி, அவுரியில் நீலமேற்றிய துணி. அதற்கு அங்கே 'சரசா' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து பிடித்துக்கொண்ட சொல். கோடு போட்ட துணி ஒன்றும் போயிற்று. அதற்கு 'சந்தோமே' என்று பெயர். நேயர்கள் இந்தச் சொல்லை ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நம்முடைய மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்! டோக்கியோ நகரம் எதோ என்ற பெயரோடு இருந்த காலத்தில், அங்கே மிடுக்காக உடுத்த விரும்பியவன் சந்தோமே கோட்டுத் துணியில் கிமோனோ தைத்துக்கொண்டான். பின்னால் அவர்களே அதைப் பார்த்து நெய்யக் கற்றுக்கொண்டார்கள். கவாகோயே என்ற ஊர் அந்தக் கோட்டுத் துணியால் பேர் பெற்றது. அந்த வகைக்கு இன்றும் வழங்கும் 'தோசன்' என்ற பெயரில் ஓர் அசை சாந்தோமுக்கு உரியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டச்சு வர்த்தகர்களுக்கு ஜப்பானிய ஷோகுன் பஞ்சு வைத்துத் தைத்த பட்டுக் கிமோனோக்களை வருஷந்தோறும் வெகுமதியாகக் கொடுப்பார். அவை ஹாலந்து தேசத்துச் சீமான்களுக்கு வீட்டில் அணிந்து உலாவ மிகவும் பிடித்துப் போயின. போதிய அளவு கிடைக்கவில்லை. உடனே டச்சுக்காரர்கள் நம் கரைக்கு வந்து, எழுத்துத் துணியில் அதே மாதிரி அங்கி செய்து தரச் சொன்னார்கள். கிமோனோவையே பார்த்திராத தமிழ்நாட்டு, தெலுங்கு நாட்டுக் கைகள் 'ஜப்பான் அங்கி'களுக்குப் பூ எழுதின. நெதர்லாந்துப் பொருட்காட்சி சாலைகளில் அவை இன்றும் இருக்கின்றன.

புத்தகத்தில் இருந்தவை சிறு துண்டுகளின் படங்கள். உள்ளங்கை அகலத் துண்டுகள். ஹிகோனே என்ற சமஸ்தானத்தை ஆண்ட ஈ வம்சத்தார் சேர்த்து வைத்தவை. பெரும்பாலும் இந்தியத் துணி. மொத்தம் 450 துண்டுகள். இப்போது டோக்கியோ தேசியப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. தேநீர்ச் சடங்கில் தேயிலைப் பொடி வைக்கும் சிமிழுக்கு உறை தைக்க இப்படிப்பட்ட துணி என்றால் அவர்களுக்கு உயிர். துண்டுக்குத் துண்டு பெயர் வைத்து, பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். 1778-இல் சரசாத் துணியின் வகைகளை விளக்கி அச்சுப் புத்தகமே வெளியிட்டார்கள். கொஞ்சம் பெரிதாகக் கிடைத்தால் அதை ஓபியாகவும் தைத்துக்கொண்டார்கள். நாமோ, வேஷ்டி கிழிந்தால் விளக்குத் துடைக்க, பிறகு அடுப்புத் துணி, பிறகு திரி என்று கடைசி இழை வரை உபயோகித்துத் தீர்த்துவிடுகிற ஜாதி. சிக்கனம் நல்லதுதான். ஆனால் நாயக்கர் காலத்துத் துணி இங்கே ஒரு முழங்கூட இல்லாமல் போனதற்கு நம்முடைய வெயிலையும் கறையானையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரியவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு சிவப்புத் துண்டின் படத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். காகிதம் வழவழவென்று இருந்தது. "படத்தைத் தொட்டா என்ன தெரியும்?" என்று தாமே சொல்லிக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

வெயில் சற்றுத் தணிந்ததும் ராஜகிரிப் பக்கம் நடந்தோம். ஆனைக்குளத்தைக் கடந்து, படி ஏறத் தொடங்கினோம். நண்பரும் அவர் மனைவியும் மேலே உள்ள பாலம் வரையில் போனார்கள். பாறை பிளந்து கிடக்கும் ஓர் ஆழமான பள்ளத்தின்மேல் போட்ட பாலம் அது. அதை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வேறு வழி கிடையாது. நாமும் பெரியவரும் பாதியிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டோம். கிழக்கே வயல்கள், ஏரிகள், அதற்கப்பால் மங்கலான வெளி. அந்தத் திசையில்தான் கடல். டச்சுக் கப்பல்கள் திரும்பி வருகையில் ஜப்பான் செம்பை இந்தக் கரைக்குக் கொண்டு வந்து விற்றன என்று சொன்னோம். "அப்போ எங்க பாட்டி வீட்டு அண்டாவிலே ஜப்பான் செம்பு இருந்திருக்கும்" என்றார் அவர். மறுப்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

சற்றுப் பொறுத்து, "அந்த ஊர்லே இப்போ நெய்யறாங்களா?" என்று கேட்டார். நெய்கிறார்கள், ஆனால் முன்போல் இல்லை. கல்யாணத்துக்கும் விழாவுக்கும் தவிரக் கிமோனோ உடுத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தறியில் இருப்பவர்களில் வயதானவர்களே அதிகம். அதனால்தான் அந்த ஓபி சந்தையில் குவியலாகக் கிடந்தது.

"எங்க தெருவிலே காலையிலே நடந்தா ரெண்டு பக்கமும் தறிச் சத்தம் கேக்கும். இப்போ நின்னு காது கொடுக்கணும். குழியை மூடி மொசைக் போட்டுட்டாங்க. என் பேரன் மெட்ராஸ்லே கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன். குறை சொல்ல ஒண்ணும் இல்லை." அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இறங்கி வந்து, ஓபியை மடிக்க நண்பரின் மனைவி முனைந்தபோது பெரியவர், "நான் மடிக்கறேன், அம்மா" என்று வாங்கிக்கொண்டார். சேலை மடிப்பதுபோல் மடிக்காமல், பழைய மடிப்புக் கோடுகளைத் தேடிப் பிடித்து அவற்றின் வழியாகவே மடித்தார். பிரிந்திருந்த தையலுக்குள் சிவப்பு ஊடை ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "இது எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள், ஐயா" என்றார் நண்பரின் மனைவி, கத்தரிக்கோலைத் தேடியபடியே.

"ஐயையோ, வெட்டாதீங்க! விழுந்தது போதும்."

அரை முழ நீளம் இருக்கும். அதை விரலில் சுற்றி, வேஷ்டி முனையில் வைத்து முடிந்துகொண்டார். ஆரணி பஸ் வந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது அவருக்கு. பஸ் நகரும்போது அவர் நம் பக்கம் திரும்பவில்லை. முடிச்சை அவிழ்த்து, அந்த இழையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.